தாய்லாந்தில் வெளிநாட்டவர் தங்க ஓராண்டு நீட்டிப்பு: ஓய்வுக்கால வழியா, திருமண வழியா?

50 வயது நிறைந்து, தாய்லாந்துத் துணையும் உள்ளவருக்கு இரு வழியும் திறந்தவை. கட்டணம் இரண்டுக்கும் 1,900 பாட்.

ஓய்வுக்கால வழிக்குத் தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். பணம் விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பே கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின் 3 மாதம் தொடக்கூடாது, அதன்பின் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான்: அனுமதி வந்ததும் பணத்தை எடுத்துவிடுகிறார்கள், அடுத்த ஆண்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இவ்வழியில் வேலை செய்யவும் முடியாது.

திருமண வழிக்கு 4 லட்சம், அல்லது மாதம் 40,000 போதும். வயது வரம்பில்லை, வேலை அனுமதியும் பெறலாம். ஆனால் திருமணப் பதிவுச் சான்று, வீட்டில் எடுத்த படங்கள், வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடம், சாட்சி எனக் காகிதம் குவியும்; முடிவுக்குப் பெரும்பாலும் 30 நாள் காத்திருப்பு. மணமுறிவு நேர்ந்தால் நீட்டிப்பின் அடிப்படையே போய்விடும்.

பணம் முடங்கினாலும் பரவாயில்லை என்பவருக்கு ஓய்வுக்கால வழியே நிம்மதி. எந்த வழியானாலும் மறுநுழைவு அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் நீட்டிப்பு ரத்து. அந்த அனுமதிக்குக் கட்டணம் ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800.