சூளை அறைக்கு வெப்பத் தடுப்பு: மதுரைப் பட்டறை ஒன்றின் வேலை

திருநகரில் எங்கள் மாடி அறையிலுள்ள மின்சூளையைச் சுற்றி வெப்பத் தடுப்பு அமைக்கும் வேலையை மதுரையிலுள்ள ஒரு வெல்டிங் பட்டறையிடம் கொடுத்திருந்தோம். வேலை பெரும்பாலும் திருப்தி; ஓரிடத்தில் மட்டும் சறுக்கல், அதுவும் இருக்கக் கூடாத இடத்தில்.

அறைக்கு மூன்று பக்கம் செங்கல் சுவர். நான்காவது பக்கம் பிளைவுட் தடுப்பு. சூளைக்குள் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் வெளித்தகட்டில் அவ்வளவு சூடு இருக்காது என்பதால் மரத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சூடு படும் மரம் மெல்லக் கரிந்து, புதுமரம் பற்றும் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பிடிக்கக்கூடும். அதன்மேல் ஜிப்சம் போர்டு அடித்துவிடலாம் என்ற யோசனையைப் பட்டறைக்காரர் ஏற்கவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர். திடீரெனப் பற்றும் தீயை அந்த நீர் தாமதப்படுத்துமே தவிர, தொடர்ந்து சூடுபட்டால் நீரை இழந்து பலகை பொடியாகத் தொடங்கிவிடும்.

அவர் போட்டது ஃபைபர் சிமெண்ட் போர்டு. பிளைவுட்டிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, இரும்புக் குழாய்த் துண்டுகளை இடையில் கொடுத்து போல்ட் முடுக்கியிருக்கிறார். போல்ட் வழியாகச் சூடு மரத்துக்குக் கடக்கும் என்பதால், அவை சூளைக்கு நேர் எதிரே வராமல் ஓரங்களுக்குத் தள்ளியிருப்பது கைதேர்ந்தவரின் வேலை. சூளைக்கும் போர்டுக்கும் நடுவே 18 அங்குலம் விட்டிருக்கிறார். சூளைத் தயாரிப்பாளர்கள் பலர் கேட்பது 12 முதல் 18 வரைதான்.

சறுக்கல் பூச்சு வேலையில். அவர்கள் அனுப்பிய ஆள், "பூச்சிபொட்டு அடையும் சார்" என்று போர்டின் கீழ்ப்பக்க இடைவெளியைச் சிமெண்டால் அடைத்து, மழமழவென்று பட்டியும் பார்த்துவிட்டார். மேலும் கீழும் திறந்திருந்தால்தான் சூடான காற்று மேலேறி வெளியேற, கீழிருந்து குளிர்ந்த காற்று புகும். அடைத்தால் சூடு அங்கேயே தேங்கிவிடும். சொன்னதும் வந்து, கூலி கேட்காமல் கொத்தியெடுத்து இரும்பு வலை அடித்துக் கொடுத்தார்கள்.

இன்னொரு மனக்குறை, ரசீது. போர்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இல்லை என்று வாயால் சொன்னார்களே தவிர எழுதித் தரவில்லை. கல்நார் சிமெண்ட் ஷீட் இன்றும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதை அறுத்தால் பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இவர்களிடம் வேலை கொடுப்பவர்கள் போர்டில் அச்சிட்டிருக்கும் பெயரையும் கனத்தையும் அறுப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளவும்.