டென்னிஸ் எல்போ: ஊசியும் போட்டாச்சு, பிசியோவும் போயாச்சு

டென்னிஸ் மட்டைய கையால தொட்டதே இல்ல, ஆனா வந்தது டென்னிஸ் எல்போ. நாள் முழுக்க மவுஸ், லீவு நாள்ல ஸ்க்ரூ டிரைவர், அவ்ளோதான் நம்ம விளையாட்டு. ஈரத்துண்ட பிழிஞ்சா முழங்கை வெளிப்பக்கம் சுளீர்னு இழுக்கும், தண்ணி ஜக்க தூக்குனா பிடி தானா விட்டுடும்.

முதல்ல ஸ்டீராய்டு ஊசிதான் போட்டேன், சோம்பேறித்தனம், வேறென்ன. அன்னிக்கு ராத்திரி வலி இன்னும் ஏறி தூக்கமே இல்ல, ஆனா மூணாம் நாள் பாத்தா வலி போன எடமே தெரியல. இத முன்னாடியே போட்டுருக்கலாமேன்னு அந்த வாரமே அலமாரிய கழட்டி மாட்டுற வேலைய இழுத்துப் போட்டுகிட்டேன். அங்கதான் மாட்டுனேன். வலிதான் அடங்குச்சு, டெண்டன் (தசைய எலும்போட சேக்குற நார்) ஆறல. ரெண்டே மாசத்துல முன்னவிட மோசமா திரும்பி வந்துச்சு, ஊசி குத்துன எடத்துல தோல் வேற வெளுத்து லேசா குழி விழுந்துருச்சு. சுகர் இருக்கவங்க டாக்டர்ட்ட முதல்லயே சொல்லிடுங்க, கொஞ்ச நாளைக்கு சுகர் ஏறலாம்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 2002ல நெதர்லாந்துல 185 பேர வச்சு பண்ண ஆய்வு, 6 வாரத்துல ஊசி போட்டவங்கள்ல 92% பேருக்கு பரவால்ல, பிசியோல 47% தான். ஒரு வருஷம் கழிச்சு அப்படியே தலைகீழ், ஊசி 69%, பிசியோ 91%. ஒண்ணும் பண்ணாம பொறுத்திருந்தவங்களே 83%! கடுப்பாயிடுச்சு.

பிசியோ செம போர், பொய் சொல்ல மாட்டேன். முன்கைய டேபிள் மேல வச்சு மணிக்கட்டு மட்டும் வெளிய தொங்க, உள்ளங்கை கீழ பாத்தாப்ல ஒரு கிலோ டம்பெல்ல பிடிச்சு மெதுவா எறக்கணும், மேல தூக்க மத்த கையால உதவிக்கலாம், எறக்குறதுதான் வேலையே. 10க்கு 3, 4 வரைக்கும் வலிச்சா செய்யலாம், மறுநாள் காலைல ஏறியிருந்தா வெயிட்ட கொறைன்னாங்க. மூணு வாரம் ஒரு மாற்றமும் இல்ல, விட்டுடலாம்னே இருந்தேன், ஆறாவது வாரத்துலதான் ஸ்க்ரூ டிரைவர் திருப்புறப்ப ஏதோ வித்தியாசம் தெரிஞ்சுது.

ஊசிக்கு 2 ஸ்டார், பிசியோவுக்கு 4. இப்ப துண்டு தாராளமா பிழியறேன். ஜக்க மட்டும் இன்னும் ரெண்டு கையாலதான் தூக்குறேன், வலி இல்ல, பயம்தான்.