ஏழு ஆண்டு லினக்ஸும் இரண்டு வரி லதாவும்

சித்தி மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்ந்திருக்கிறாள். கையில் இருப்பது பழைய மடிக்கணினி. விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. "அண்ணா, லினக்ஸ் போட்டுத் தருகிறீர்களா?" என்று கேட்டாள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம். கேட்ட நாள்தான் சரியில்லை. என் எம்.சி.ஏ. திட்ட அறிக்கையை அதற்கு முந்தைய நாள், இரண்டாவது முறையாக, பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தபின் நினைவுக்கு வராது.

என்னுடையது பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 4 ஜிபி நினைவகம். விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதிலேயே இருந்தது. எங்கள் வகுப்பில் அதைத் திறந்தவர்கள் எல்லோரும் கை தவறித் திறந்தவர்கள். கல்லூரிக்குப் போனதும் சீனியர் ஒருவர் லினக்ஸ் மின்ட் என்ற வகையின், பழைய கணினிக்கும் ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவிக் கொடுத்தார். ஏழு ஆண்டாகிறது. நடுவில் பேட்டரி ஒருமுறை மாறியது, வன்தட்டு போய் எஸ்எஸ்டி வந்தது. என்னைக் கேட்காமல் ஒருநாள்கூட அது தானாக மறுதொடக்கம் செய்ததில்லை.

ஆபரேட்டிங் சிஸ்டம் ஆய்வக வகுப்பில்தான் அதன் அருமை தெரிந்தது. ஓடும் ஒரு நிரல் (செயல்முறை) தன்னைப் போல ஒரு சேயை உருவாக்கும் ஃபோர்க், பிறகு வெயிட், எக்ஸெக் என்று வரிசையாகப் பயிற்சிகள். மற்றவர்கள் விண்டோஸுக்குள் ஒரு மெய்நிகர் லினக்ஸைத் திறந்து, அது எழுந்து உட்காரும்வரை காத்திருப்பார்கள். எனக்கு அந்த வேலையே இல்லை. விடுதியில் இரவு பத்தரைக்கு இணையம் நின்றுவிடும். ஒருநாள் கட்டளைகளைத் தட்டும் முனையத்தில், கணினியிலேயே இருக்கும் கையேட்டைக் காட்டும் மேன் கட்டளையைக் கொடுத்து ஃபோர்க் பற்றிய பக்கத்தைத் திறந்தேன். தாய்ச் செயல்முறைக்குச் சேயின் எண்ணும், சேய்க்குச் சுழியமும் திரும்பி வரும் என்று சுருக்கமாக எழுதியிருந்தது. பாடநூலில் மூன்று முறை படித்தும் ஏறாதது அந்தக் கறுப்புத் திரையில் ஏறியது. இணையமும் தேவைப்படவில்லை, யாரையும் எழுப்பவும் தேவைப்படவில்லை.

இனி லதா. பெண் அல்ல, விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துரு.

திட்ட அறிக்கையின் முன்பகுதியில் 'திட்டப்பணிச் சுருக்கம்' என்று தமிழில் ஒரு பக்கம் இருக்க வேண்டும். துறை தந்த வேர்டு மாதிரியில் அதற்கு லதாதான். ஆங்கிலப் பகுதியில் சிக்கலில்லை: டைம்ஸ் நியூ ரோமனை நிறுவிக்கொள்ள ஒரு தொகுப்பு உண்டு, கலிப்ரிக்குப் பதிலாக அதே அகலமுள்ள கார்லிட்டோ உண்டு. லதாவுக்கு அப்படி ஒரு மாற்று என் கணினியில் இல்லை. அவள் இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச எழுத்துரு வந்து உட்கார்ந்துகொண்டது. என் திரையில் சுருக்கம் கச்சிதமாக ஒரே பக்கத்தில் முடிந்தது. நான் என் பிடிஎஃப்பை அச்சடித்து, பைண்டிங் செய்து, மூன்று படிகளோடு போனேன். துறையில் வேர்டு கோப்பைத் திறந்தார்கள். இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்திருந்தது. அந்த இரண்டு வரிக்கென ஒரு முழு வெள்ளைத்தாள். அதற்குப் பின்னால் ரோமன் பக்க எண்கள் எல்லாம் ஒன்று ஒன்று தள்ளி. "கோப்பும் படியும் ஒத்துப்போகவில்லை" என்று மூன்றும் திரும்பி வந்தன. ஜெராக்ஸ் கடைக்காரர் தங்க எழுத்து அட்டையைக் கத்தியால் கிழித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

யார் மேல் தவறு? லதா உரிமம் பெற்ற எழுத்துரு, லினக்ஸோடு சேர்த்துக் கொடுக்க முடியாது. சுருக்கத்தை நோட்டோவுக்கே மாற்றி, அந்த எழுத்துருவைக் கோப்பிலேயே பதித்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. வேர்டுக்குப் பதிலாக, பிடிஎஃப்பாகவே ஆவணம் தரும் லாட்டெக்கில் எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. ஆனால் என் கைடு வேர்டில் சிவப்புக் கோடு போட்டுத்தான் திருத்துவார். எனவே லினக்ஸ் குற்றவாளி அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. இளங்கலை செமினார் முதல் வேலைக்கான தன்விவரக் குறிப்பு வரை, அனுப்புவதற்குமுன் யாராவது ஒருவருடைய விண்டோஸின் முன்னால் போய் நின்று சரிபார்த்திருக்கிறேன். இந்த ஒருமுறைதான் போகவில்லை.

லினக்ஸில் நேராக ஓடாத ஆட்டோகேட், டேலி எதுவும் தங்கைக்கு வேண்டாம். அவள் படிப்புக்கு லினக்ஸைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆகவே, "வேண்டாம்மா, விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்" என்றேன்.

"அதற்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு வராதே?"

"வராதுதான்."

"நீங்கள் மட்டும் ஏழு வருடமாக வைத்திருக்கிறீர்களே?"

நான் பதில் சொல்லவில்லை. மேசையில் கிடந்த மின்ட் பென் டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.