சிடியில் உள்ள பாட்டைக் கேட்க சிடி பிளேயரா, கணினியா?

ஒலி: சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் ஒலி. கணினியில் ஃபிளாக் (இழப்பில்லாமல் சுருக்கும் வகை) கோப்பாக எடுத்தால் அதில் துளியும் குறையாது, எம்பி3தான் வெட்டும். ஆனால் ஹெட்போன் துளையிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்கு இழுக்காதீர்கள், பல கணினிகளில் இரைச்சல் சேரும். யுஎஸ்பி டாக் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் தனிக் கருவி) ஒன்று வைத்தால்தான் பிளேயரோடு போட்டியே. விண்டோஸில், பாட்டு மென்பொருளின் அமைப்பில் வசாபி எக்ஸ்க்ளூசிவ் (WASAPI Exclusive, ஒலியை நேராக டாக்குக்கு அனுப்பும்) முறையைப் போடுங்கள். இல்லையேல் எல்லா மென்பொருள்களின் ஒலியையும் கலக்கும் விண்டோஸ் மிக்சர் இடையில் புகுந்து ஒலியைத் தொட்டுவிடும்.

செலவு: பிளேயர் ஏற்கெனவே இருந்தால் ஒன்றுமில்லை. கணினிக்கு டாக், ஹார்ட் டிஸ்க்.

எத்தனை நாள் உழைக்கும்: பழைய பிளேயரில் லேசர் போனால் மாற்றுப் பாகம் கிடைப்பது கஷ்டம். ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் போகும், ஆனால் இன்னொரு பிரதி இருந்தால் பாட்டு பிழைக்கும்.

கொஞ்சம் சிடிதான், ஆல்பத்தை முழுசாகக் கேட்பேன் என்பவருக்கு பிளேயரே போதும். அலமாரி நிரம்பியவர் கணினிக்கு மாறலாம். சிடிகளை மட்டும் விற்றுவிடாதீர்கள்.