ஜி.சி.என். எச்சரிக்கை மடல்: மட்டக்களப்பில் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு உதவுமா?

செய்மதி ஒன்று காமா கதிர் வெடிப்பைப் (தொலைதூர விண்மீன் மண்டலங்களில் நடக்கும், சில நொடியோ நிமிடமோ நீடிக்கும் பெருவெடிப்பு) பிடித்ததும் அதன் நேரத்தையும் இடத்தையும் நாசாவின் ஜி.சி.என். சேவை மின்னஞ்சலில் அனுப்பிவிடும். காசு இல்லை, பதிவதும் சுலபம். எந்தக் கருவியின் மடலைத் தெரிவுசெய்வது என்பதில்தான் சிக்கல்.

எல்லாப் பெட்டிகளிலும் சரி போட்டால் இன்பாக்ஸ் நிரம்பி வழியும். நாசாவின் ஃபெர்மி செய்மதியிலுள்ள ஜி.பி.எம். கருவி ஆண்டுக்கு 200க்கும் மேற்பட்ட வெடிப்புகளைக் காண்கிறது. ஆனால் இடத்தைப் பல பாகைப் பிழையோடுதான் சொல்லும். முழுநிலவின் அகலமே அரைப் பாகை. 8 அங்குலத் தொலைநோக்கியோடு அதற்குள் துழாவுவது வீண்வேலை. அதோடு ஒரே வெடிப்புக்கு மூன்று நான்கு மடல் வரும். சிலது கடைசியில் சூரியச் சுவாலை என்று முடியும்.

நாசாவின் இன்னொரு செய்மதியான ஸ்விஃப்ட் வேறு ரகம். அதன் பேட் கருவி தரும் இடத்தில் பிழை பாகையின் இருபதில் ஒரு பங்கு அளவுதான். பிறகு செய்மதி தானே திரும்பி, எக்ஸ்.ஆர்.டி. என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி மூலம் சில ஆர்க் செக்கன் (பாகையின் 3600இல் ஒரு பங்கு) துல்லியத்துக்குக் கொண்டுவரும். இந்த இரண்டு மடலுக்கும் போனில் தனிச் சத்தம் வையுங்கள். அவசரம் ஏனென்றால், வெடிப்புக்குப் பின் எஞ்சும் ஒளி ஏறத்தாழ நேரத்துக்கு எதிர்விகிதமாக மங்கும்: முதல் நிமிடத்தில் இருந்ததில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு மணித்தியாலத்தில் மிஞ்சும். மடலில் வருவது உலக நேரம், 5.30 கூட்டிக்கொள்ளவும்.

அதற்காக ஃபெர்மியை அடியோடு நிறுத்தவும் வேண்டாம், வேறு கோப்புறைக்குத் திருப்பிவிடுங்கள். காரணம் 2022 ஒக்டோபர் 9. அன்று பூரணை. நம் நேரம் மாலை 6.46க்கு ஃபெர்மி ஒரு வெடிப்பைப் பிடித்தது. ஸ்விஃப்டுக்குப் பூமி மறைத்துக்கொண்டிருந்ததால் அதன் மடல் 7.40 அளவில்தான் வந்தது; அதுவும் நம் பால்வீதிக்குள் ஏதோ புதுப் பொருள் என்ற சந்தேகத்தோடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் அது சுமார் 200 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலான, இதுவரை பதிவானதிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பு என்று தெரிந்தது. அந்த நேரம் மட்டக்களப்புக் கல்லடியில், வெடிப்பு நடந்த திசையிலுள்ள அம்பு விண்மீன் குழு நல்ல உயரத்தில்தான் இருந்தது.

மின்னஞ்சலுக்குப் பதிலாக, பைதான் நிரலில் காஃப்கா (செய்திகளை உடனுக்குடன் அனுப்பும் மென்பொருள்) வழியாக எடுப்பவர்கள் குழு அடையாளத்தை (group.id) நிலையாகக் கொடுக்கவும். கொடுக்காவிட்டால் கரண்ட் போன நேரத்தில் வந்தவை திரும்பக் கிடைக்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மேகம். அந்த மாதங்களில் மடலை வாசிக்கலாம், வானத்தை நம்ப முடியாது.