போக்கர் பழக எது தேவலை: எதிரே ஒருத்தரா, ஒன்பது பேர் மேசையா, சால்வர் என்ற கணினி நிரலா?

ஒன்பது பேர் மேசையில் நூறு கை வந்தால் எண்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாம். எல்லாவற்றையும் ஃபோல்டு செய்தால்கூட (சீட்டைக் கைவிட்டால்கூட) 100 கைக்குச் சுமார் 17 பிக் பிளைண்டுதான் (முறை வரும்போது கட்டாயமாகக் கட்டும் பெரிய தொகை) செலவு. இருவர் மட்டும் மோதும் ஹெட்ஸ்-அப்பில் ஒவ்வொரு கையிலும் பிளைண்டு கட்டுவதால், அதே சோம்பேறித்தனத்துக்கு 75 போய்விடும். அதனால் குயின்-ஏழு மாதிரிச் சில்லறைக் கையையும் ஆடியே ஆக வேண்டும். எதிரே எந்தக் கை இருந்தாலும் சரி என்று ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை போனால், அது ஏறக்குறைய 52 சதவீதம் ஜெயிக்கிற கைதான். ஃப்ளாப்புக்கு (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பிந்தைய ஆட்டம் பழக ஹெட்ஸ்-அப்பே வேகமான வழி என்பது எங்கள் கட்சி.

ஒரு கையைப் பாருங்கள். பட்டனில் (சீட்டுப் போடுபவர் இடத்தில்) நமக்குக் கிங்-ஏழு, 2.5 பிளைண்டுக்கு ரெய்ஸ் (தொகையை ஏற்றுகிறோம்), எதிராளி கால் (அதே தொகையைக் கட்டுகிறார்). பாட் (நடுவில் சேர்ந்த தொகை) இப்போது 5. ஃப்ளாப் ஒன்பது-ஆறு-இரண்டு, நமக்கு ஒன்றும் சேரவில்லை. ஆனால் ஜோடியில்லாத கைக்கு ஃப்ளாப்பில் ஜோடி சேர்வது மூன்றுக்கு ஒரு தடவைதான், அவருக்கும் அநேகமாகச் சேர்ந்திருக்காது. 2.5 கட்டினால், மூன்றில் ஒரு தடவைக்கு மேல் அவர் ஃபோல்டு செய்தாலே நமக்கு லாபம். அவர் பக்கக் கணக்கு வேறு: 2.5 போட்டு 10-க்கு ஆடுகிறார், 25 சதவீத வாய்ப்பு இருந்தால் கால் கட்டுப்படியாகும். இருவர் ஆட்டத்தில் இந்தக் கணக்கு சில நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும்.

வீட்டில் ஆட: பிளைண்டு 1-2 (ஸ்மால் 1, பிக் 2), ஆளுக்கு 200 சிப்ஸ், ஒவ்வொரு கைக்கும் மறுபடி 200. அப்படிச் சமன் செய்யாவிட்டால் ஒருவர் 20-30 சிப்ஸுக்கு இறங்கி, ஆல்-இன் (இருப்பதை எல்லாம் கட்டுவது) தவிர வேறு ஆட்டமே மிஞ்சாது. பட்டன்காரரே ஸ்மால் பிளைண்டு. ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், பிறகு கடைசியில். பெரிய மேசை ஞாபகத்தில் எதிராளியை ஸ்மால் பிளைண்டு கட்டச் சொல்வதுதான் வழக்கமான தப்பு. பாட் 40 சிப்ஸைத் தாண்டிய கைகளைக் குறித்துவைத்து, கடைசியில் இருவரும் சீட்டைச் சொல்லி அலசுங்கள். வெறும் சிப்ஸ் என்றால் எதற்கெடுத்தாலும் கால் விழும். தோற்றவர் பாத்திரம் கழுவட்டும். (இந்தியாவில் ஆன்லைன் பண ஆட்டத்துக்கு 2025 சட்டத்தில் தடை இருக்கிறது.)

சால்வர் தவறில்லாத எதிராளியை வைத்துக் கணக்குப் போடும். விடை கிடைக்கும், காரணத்தை நாம்தான் தேட வேண்டும். குறித்துவைத்த கைகளைச் சரிபார்க்க அது போதும், அதையே வாத்தியாராக்க வேண்டாம்.

ஹெட்ஸ்-அப்பின் கெடுதல் இரண்டு. ஒரே ஆளோடு ஆடினால் அந்த ஆளின் பழக்கம்தான் மனப்பாடமாகும், ஆளை மாற்றுங்கள். அடுத்தது அதிர்ஷ்டம். 2017-இல் லிப்ராடஸ் நிரல் 4 தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை ஆடியபோது, அதே சீட்டுகளை இன்னொரு மேசையில் பக்கம் மாற்றிப் போட்டு அதிர்ஷ்டத்தைக் குறைத்தார்கள். 200 கையில் ஜெயித்ததைத் திறமை என்று நம்பி, ஒன்பது பேர் மேசையில் முதல் ஆளாகக் குயின்-ஏழை ரெய்ஸ் செய்தால், பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்.