பீங்கானில் திரை அச்சு: மட்டக்களப்புப் பயிற்சிநெறி ஒன்றின் மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில் பெயரோ படமோ பதித்த தேநீர்க் கோப்பை வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் சப்ளிமேஷன் முறையில் அச்சிட்டதாகவே இருக்கும். பொலியெஸ்டர்ப் பூச்சு ஏற்றிய வெள்ளைக் கோப்பையை ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் அழுத்தி எடுக்கும் அந்த முறையில், சாயம் அந்தப் பூச்சிலே தங்குகிறதே தவிரப் பீங்கானோடு சேர்வதில்லை. தும்பால் தேய்த்துக் கழுவக் கழுவப் படமும் மங்கும். கல்லடிப் பக்கத்துச் சிறு பட்டறை ஒன்றில் வார இறுதி வகுப்பாக நடைபெறும் பயிற்சிநெறியில் கற்பிக்கப்படுவது இதுவன்று. கனிம நிறத்தைத் திரை வழியே அச்சிட்டு, சூளையில் சுட்டு, பீங்கானின் பளபளப்புப் பூச்சோடு உருகி ஒன்றாகச் செய்யும் முறை அது. இரண்டும் ஒன்றென்று எண்ணிப் பணம் கட்டியவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். பதிவு செய்யும்போதே இதை விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

அச்சுக் கலையைப் பொறுத்தவரை இங்கே கிடைக்கும் கல்வி உயர்தரமானது. வளவாளர் முன்பு பீங்கான் தொழிற்சாலை ஒன்றின் அலங்காரப் பிரிவில் வேலை செய்தவர் என்பதால், ஒவ்வொரு படிமுறைக்கும் காரணம் சொல்லாமல் அடுத்ததற்குப் போவதில்லை. துணி அச்சில் பழகியவர்கள் சென்ரிமீற்றருக்கு 43 இழை கொண்ட மெஸ்ஸையே, அதாவது திரைச் சட்டத்தில் இழுத்துக் கட்டும் வலைத்துணியையே, கையில் எடுப்பார்கள். பீங்கான் நிறத்துக்கு 77 முதல் 120 இழை வரையான மெஸ் தேவைப்படுகிறது. பீங்கான் நிறம் என்பது உலோக ஒட்சைட்டும் கண்ணாடித் தூளும் சேர்ந்த பொடி. அதை எண்ணெய்த் தன்மையுள்ள ஊடகத்தில் குழைத்தே அச்சிடுகிறோம். மெஸ்ஸின் கண், பொடியின் பெரிய துகளைவிட மூன்று மடங்காவது அகலமாக இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். கண் மிகப் பெரிதானாலோ கோடுகள் தடித்து, நுண்ணிய வேலைப்பாடு அழிந்துவிடும். நிறப் படலம் மெல்லியதாக விழுந்தால் சூட்டில் வெளிறிவிடும், அளவுக்கு மேல் தடித்தால் உரிந்துவிடும் என்பதையும் சுட்ட மாதிரி ஓடுகளைக் காட்டியே விளக்கினார். மருதமுனையிலிருந்து வந்த துணி அச்சாளர்கள் ஸ்குவீஜி (நிறத்தைத் திரை வழியே தள்ளும் ரப்பர்க் கட்டை) பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட கை சரி, திரையைத்தான் மாற்ற வேணும்" என்று அவர் சொன்னது அந்த வகுப்பின் போக்கைக் காட்டப் போதுமானது.

எனக்கு மிகவும் பயன்பட்டது, நம் ஊர்க் காற்றின் ஈரத்தை அவர் பாடத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டமை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் இடத்தில் ஒளியுணர் எமல்சன் (ஒளி பட்ட இடத்தில் இறுகி மெஸ்ஸின் கண்ணை அடைக்கும் பூச்சு) பூசிய திரை, மேலே தொட்டுப் பார்க்கையில் காய்ந்ததுபோல் இருந்தாலும், உள்ளே ஈரம் வைத்திருக்கும். அந்த நிலையில் புறஊதா ஒளி காட்டினால் எமல்சன் முழுமையாக இறுகாது. கழுவும்போதே கோடுகளின் ஓரம் கரைந்து போகும், அல்லது சில பிரதிகள் அடித்த பின் திரையில் ஊசிமுனைத் துளைகள் தோன்றும். ஆகவே, மஞ்சள் விளக்கு எரியும் மூடிய அறையில், தட்டையாகக் கிடத்திய திரைகளுக்கு மின்விசிறிக் காற்றை நெடுநேரம் விட்டே அவர் அடுத்த வேலைக்குப் போகிறார். படத்தை முதலில் அச்சிட்டுப் பின் கோப்பைக்கு மாற்ற உதவும் மாற்றுத்தாளுக்கும் இதே தொல்லை உண்டு. நீரில் கரையும் பசை பூசிய அந்தத் தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சுருள்வதால், முதல் நிறம் அடித்த தாளின் மேல் இரண்டாம் நிறத்தைப் பொருத்தும்போது ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் படம் கெட்டுவிடும். தாள்களை அச்சறையிலேயே முன்கூட்டி விரித்து வைத்து அந்தக் காற்றுக்குப் பழக்குவதும், எல்லா நிறங்களையும் இடைவெளி விடாமல் அடித்து முடிப்பதும் அவர் சொன்ன தீர்வு. காகித ஆலைக்குப் பெயர்பெற்ற வாழைச்சேனை இருக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தத் தாளைக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பது வேறு கதை.

தட்டையான ஓட்டில் நேரடியாக அச்சிடுவது விரைவில் கைவந்துவிடுகிறது. திரைக்கும் ஓட்டுக்கும் இடையில் சில மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, ஒரே அழுத்தத்தில் ஸ்குவீஜியை இழுக்கத் தெரிந்தால் போதும். வளைந்த கோப்பைக்கு அது பயன்படாது. அதற்கு மாற்றுத்தாளே வழி. தாளில் நிறத்தை அடித்து, அது காய்ந்ததும் கண் பெரிய மெஸ் வழியே அரக்குப் பூச்சை உருவத்துக்கு வெளியேயும் சிறிது நீளும்படி ஏற்றி, பின்னர் நீரில் ஊறவைத்தால், பசை இளகிப் படலம் தாளிலிருந்து வழுக்கி வரும். அதைக் கோப்பையில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ரப்பர்த் துண்டால் நீரையும் காற்றையும் தள்ள வேண்டும். அடியில் தங்கும் ஒரு சிறு குமிழி சூளையில் வெடித்து வெள்ளைப் புள்ளியாகிவிடும் என்பதால் இந்த இடத்தில் அவசரம் செல்லாது. இரு திசையிலும் வளைந்த வயிற்றுப் பாகத்தில் படலம் மடிப்பு விழும் என்று எச்சரித்து, நேர்ச்சுவர்க் கோப்பைகளையே தொடக்கத்தில் தந்ததும் நல்ல முடிவு. வடமோடிக் கூத்தின் கிரீட வேலைப்பாட்டை ஒரு மாணவி இரண்டு நிறத்தில் பிரித்து அடித்திருந்தார்; கடையில் வாங்கும் ஆயத்தப் பூக்களைவிட அது எவ்வளவோ மேல்.

வரலாறு ஒரு சில நிமிடங்களில் முடிந்தது. லிவர்பூலில் சட்லர், கிறீன் என்னும் இருவர் 1756இல் தாளில் அச்சிட்ட படத்தை ஓட்டுக்கு மாற்றி, ஆறு மணி நேரத்தில் 1,200 ஓடுகளுக்கு மேல் அச்சிட்டதாகச் சத்தியக்கூற்று அளித்ததையும், மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் 1907இல் பட்டுத் திரை அச்சுக்குக் காப்புரிமை பெற்றதையும் சொன்னதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் தேவையும் இல்லை.

குறை சூளையில்தான் இருக்கிறது. பட்டறையில் சொந்தச் சூளை இல்லாததால், நாங்கள் படம் ஒட்டிய கோப்பைகள் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டு, சுடப்பட்டுத் திரும்பி வந்தன. இப்படிப் பளபளப்புப் பூச்சின் மேல் இடும் நிறங்கள் பொதுவாக 750 முதல் 850 பாகை வரை சுடப்படுகின்றன. அதற்கு முன் அரக்குப் பூச்சு எரிந்து புகையாக வெளியேறும் கட்டத்தில் சூட்டை மெதுவாக ஏற்றி, சூளையின் காற்றுத் துளையைத் திறந்து வைக்க வேண்டும். புகை தேங்கினால் நிறம் கறுக்கும், மங்கும். கட்மியமும் செலனியமும் சேர்ந்த சிவப்புக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். இவையெல்லாம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டனவே தவிர, எந்த வேகத்தில் சூடு ஏறியது, உச்சத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று எவருக்கும் காட்டப்படவில்லை. என் கோப்பையில் சிவப்பு ஏன் பழுப்பாகித் திரும்பியது என்று கேட்டபோது, வளவாளரால்கூட ஊகமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. பீங்கான் அலங்காரத்தின் பாதி நெருப்பில் நடக்கிறது. அந்தப் பாதியைப் பார்க்காமல் பெறும் சான்றிதழ் அச்சாளருக்குப் பொருந்துமே ஒழிய, பீங்கான் கலைஞருக்குப் பொருந்தாது. சுடும் கூலியைக் கட்டணத்தில் சேர்க்காமல் கடைசியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக வாங்கியதும் எரிச்சலூட்டியது.

இதைவிடப் பாரதூரமானது உணவுப் பாதுகாப்பு பற்றிய மௌனம். நிறங்கள் சிறு போத்தல்களில் பிரித்துத் தரப்பட்டன. அவற்றில் ஈயமோ கட்மியமோ உண்டா என்று காட்டும் தரவுத் தாள் தரப்படவில்லை. உணவுக் கலங்களில் இவ்வுலோகங்கள் கசிகின்றனவா என்று ஆய்வுகூடத்தில் அறிய, 4 சதவீத அசற்றிக் அமிலத்தில் 24 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. புளிக் குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் அன்றாடம் புழங்கும் நம் வீடுகளுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. கோப்பையின் உட்புறத்திலும் உதடு படும் விளிம்பிலும் நிறம் வேண்டாம் என்ற விதியையாவது முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதியிருக்க வேண்டும். அது யாரோ கேட்ட பிறகுதான் வந்தது.

துணியிலோ பதாகையிலோ ஏற்கெனவே அச்சிடுபவர்கள் இதில் தயங்காமல் சேரலாம். அவர்கள் செலுத்தும் பணத்துக்குத் திரை, மெஸ், எமல்சன் பற்றிய அறிவே போதிய ஈடாகும். வீட்டிலிருந்து கோப்பை விற்க எண்ணுபவர்கள், எங்கே, எத்தனை பாகையில் சுடப்படும், எந்த நிறம் தரப்படும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொண்டு பணம் கட்டுவது நல்லது; அது கிடைக்காவிட்டால், சுவரில் பதிக்கும் ஓடுகளையும் அலங்காரத் தட்டுகளையும் மட்டும் விற்கலாம். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் முன், மே முதல் செப்ரெம்பர் வரையான வறண்ட மாதங்களில் நடக்கும் அணியில் இடம் கேளுங்கள். அப்போது திரைகள் விரைவாகக் காய்வதால், அதே கட்டணத்தில் கூடுதலான பிரதிகளை அடித்துப் பழக முடியும்.